அண்ணனுக்கு ஒரு ஷாட்

"எல்லாரும் அப்படியே நில்லுங்க. ஒரு நிமிஷம். மூச்சு விடலாம், இருமக் கூடாது."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியரின் குரல். அவ்வளவுதான், வீடு உறைந்துபோனது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் ஹாலில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தவன் வயரும் கையுமாக நின்றான். டீ தட்டோடு வந்தவர் ஒரு காலை முன்னால் வைத்தபடி சிலையாகியிருந்தார்.

பின்னறையில் அவள் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். நாற்காலியின் கால் அண்ணனின் பிடியில் இருந்தது.

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அதுவும் பதிவாகிவிடும். அண்ணன் அவளைப் பார்க்கவே இல்லை. அவன் கண் முழுக்கச் சுவர்மேல். நாற்காலி அங்கே போயாக வேண்டும், இப்போதே. ஐம்பதைத் தாண்டிய உடம்பு என்றாலும் பிடி இரும்பு. மெதுவாக, மிக மெதுவாக இழுத்தான்.

க்ரீ...ச்.

"போச்சு," என்றது சவுண்ட் குரல். "யாருப்பா அது? ரெண்டாவது தடவை."

காலமான ஒரு பெரிய ஓவியரின் வீடு அது. அவரைப் பற்றிய படத்தை அவர் வாழ்ந்த வீட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஓவியரின் மகள். பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை, படப்பிடிப்புக்காக லீவு போட்டிருந்தாள். சினிமாக்காரர்கள் ஓர் அறையில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புமுன் அந்த அறையின் வெறும் மௌனத்தைப் பதிவு செய்துகொள்வார்கள் என்பதை இந்த லீவில்தான் தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் உண்டாம். பின்னால் எடிட்டிங்கில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே அதைத்தான் ஒட்டுவார்களாம். இன்று அப்பாவின் வரையும் அறையின் முறை. பின்னறைக்கும் அதற்கும் நடுவே ஒற்றைச் சுவர்.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. சவுண்ட் இன்ஜினியர்தான். யூனிட்டில் அவனைக் 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உள்ள எலி கிலி ஏதாவது..."

"எலி இல்ல தம்பி. எங்க அண்ணன்."

காது எட்டிப் பார்த்தான். நாற்காலி இப்போது சுவரோரம் போய்ச் சேர்ந்திருந்தது. அதில் ஒரு மனிதன் அவர்களுக்கு முதுகைக் காட்டி, கோல் வைத்து நிமிர்த்திய மாதிரி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் தொடைமேல். தலை இம்மி அசையவில்லை.

"ஸ்கிரிப்ட்ல ஒரே பொண்ணுன்னு இருக்கேக்கா?"

"ஸ்கிரிப்ட்ல எங்க அம்மா சிரிச்சுக்கிட்டே டீ கொண்டுவராங்க. அம்மா சிரிச்சது எனக்கே ஞாபகம் இல்ல. உங்க ஆளுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதோ."

காது சிரிக்கவில்லை. அவன் பார்வை அந்த முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். யூனிட் மொத்தத்துக்கும் கொடுத்திருந்த டீ-ஷர்ட். அதில் ஓவியரின் மிகப் புகழ்பெற்ற படம் அச்சிட்டிருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பையனின் முதுகு, இடுப்புக்குக் குறுக்கே ஒரு நீலப் பட்டை.

"இவரா?"

"வேற யாரு? அந்த வரிசையில வந்த அத்தனை படத்துலயும் இவன்தான். ஆறு வயசுல உக்கார ஆரம்பிச்சவன், அப்பா கை நடுங்கி வரையறதை நிறுத்துற வரைக்கும் உக்காந்தான்."

"அந்த நீலப் பட்டை... கடல்னு சொல்வாங்களே? ஓவியர் சாரே ஒரு பேட்டியில சொல்லியிருக்கார்."

அவள் கட்டிலைக் காட்டினாள். தலையணை ஓரத்தில் ஒரு நீலத் துண்டு மடித்து வைத்திருந்தது. நடுவே நூல் நூலாய் இற்றுப்போன பழைய துண்டு.

"அசைஞ்சா அப்பாவுக்கு வரைய வராது. அதனால கட்டி வைப்பார். வலிக்காமத்தான் கட்டுவார், அதையும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை ஆனா அவரே குளிப்பாட்டி, தலை சீவி விடுவார். நல்ல அப்பாவா கெட்ட அப்பாவான்னு என்னைக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. முடிஞ்சதும் தோள்ல தட்டி 'ஆச்சு'ம்பார். அப்பதான் இவன் எந்திரிப்பான். சில நாள் யாராவது பெரிய மனுஷங்க வந்தா, பேசிக்கிட்டே அவங்களோட வெளிய போயிடுவார். மத்தியானம் தாண்டிடும். இவன் உக்காந்தேதான் இருப்பான். ஒரு தடவை அம்மா அவிழ்த்துவிட்டாங்க. அப்புறம் ரொம்ப நாள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சில்ல."

"இன்னிக்கு மட்டும் ஏன்க்கா..."

"நேத்து வரைக்கும் ஹால்ல எடுத்தீங்க. இவன் பாட்டுக்கு இருந்தான். இன்னிக்குக் காலையிலேர்ந்து உங்க ஹீரோ கரித்துண்டால வரையறார். அந்தச் சரக் சரக் சத்தம் கேட்டா இவனுக்கு உக்காரணும்."

காது தலையைச் சொறிந்தான். நிஜக் கரித்துண்டு, நிஜக் கேன்வாஸ்தான் வேண்டும், அப்போதுதான் சத்தம் சரியாக வரும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான்.

"டைரக்டருக்கு இவர் இருக்கறது தெரியுமா?"

"தெரியாம என்ன? அதுக்குத்தானே வீட்டையே கொடுத்தேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அண்ணன் படத்துல வரணும், ஒரே ஒரு சீன் போதும்னேன். பண்ணிடலாம்க்கான்னார். புஸ்தகத்துல ஒரே மகள். பேப்பர்ல ஒரே மகள். அப்பா செத்தன்னிக்கு டிவியிலயும் ஒரே மகள். ஊரே சுவத்துல மாட்டி வச்சிருக்கு இவன் முதுகை. இவன்தான்னு ஒரு இடத்துலயாவது இருக்க வேண்டாமா, தம்பி?"

காது டைரக்டரைத் தேடிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் டைரக்டரே வந்தார். தாடி, தூக்கம் கெட்ட கண், கையில் சுருட்டிய ஸ்கிரிப்ட். சின்ன வயதுதான். பின்னால் புரொடக்ஷன் மேனேஜர்.

"அக்கா, அண்ணன் சீனை இன்னிக்கே எடுத்துடலாம். இப்பவே. நாளைக்கு இந்த வீட்ல வேலை முடியுது பாருங்க."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கேவா? முடி வெட்டியிருப்பேனே தம்பி."

"முடி இருக்கட்டும்க்கா, எங்க ஹீரோவுக்குத்தான் கம்மி," என்றார் மேனேஜர். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். காலர் பட்டனை மூன்று தடவை போட்டுக் கழற்றினாள். ஈரச் சீப்பால் தலை வாரினாள். அவன் அசையாமல் காட்டிக்கொண்டு நின்றான். நீலத் துண்டை மட்டும் கையிலிருந்து விடவில்லை. "அது எதுக்குண்ணா?" என்று இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

வரையும் அறையில் விளக்குகள் எரிந்தன. நடுவில் கேன்வாஸைத் தாங்கும் ஈசல் சட்டம், அதன் முன்னால் ஹீரோ. அப்பாவின் கண்ணாடி, அப்பாவின் நரைத்த மீசை, அப்பாவின் சட்டையைப் பார்த்துத் தைத்த சட்டை. முதல் நாள் அவரைப் பார்த்தபோது அவளே எழுந்து நின்றுவிட்டாள். அண்ணனை நினைத்துப் பயந்தாள். அவன் சலனமே இல்லாமல் நேரே போய், நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

டைரக்டர் "ஆக்ஷன்" என்றார். கிளாப் அடிக்கவில்லை. இத்தனை நாள் பார்த்ததில் கிளாப் அடித்து, நம்பர் சொல்லித்தான் எதையும் ஆரம்பித்தார்கள். அண்ணன் சத்தத்துக்கு மிரளுவான் என்று விட்டுவிட்டார்கள் போல, எவ்வளவு இங்கிதம் தெரிந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாள்.

சரக். சரக்.

ஹீரோ கரித்துண்டை இழுத்தார். அண்ணனின் தோள் இன்னும் நிமிர்ந்தது. பிறகு, திரும்பாமலேயே, வலது கையைப் பின்னால் நீட்டினான். கையில் நீலத் துண்டு.

ஹீரோ வரைவதை நிறுத்தினார். டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் அவளைப் பார்த்தார்.

"கட்டச் சொல்றான்," என்றாள் அவள். தன் குரல் அவளுக்கே வெளியிலிருந்து கேட்டது. "வாங்கலைன்னா கை அப்படியேதான் இருக்கும்."

ஹீரோ துண்டை வாங்கினார். நாற்காலியோடு சேர்த்து அண்ணனின் இடுப்பைச் சுற்றினார், குழந்தைக்கு பெல்ட் போடுகிற மாதிரி தொளதொளவென்று. அண்ணனின் இரண்டு கையும் பின்னால் வந்தன. ஹீரோவின் கையைப் பிடித்தன. பிடித்து, இன்னும் இறுக்கு என்று இழுத்தன. இழுத்தன. முடிச்சு இறுகிய பிறகுதான் விட்டன. கைகள் தொடைக்குத் திரும்பின.

விளக்குக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வெளியே போய்விட்டார்.

டைரக்டரின் முகம் மாறியிருந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ஒரு கோடு சரியாக விழுந்த நாளில் அப்பாவுக்கு வரும் முகம்.

"கேமரா," என்றார் மெதுவாக. "ஒன் மோர். இந்தத் தடவை நிஜமா ஓட்டு."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிஜமாவா?" என்றாள் அவள். "அப்ப இவ்வளவு நேரம்?"

"லைட் டெஸ்டுக்கா," என்றார் மேனேஜர். "எப்பவும் முதல்ல ஒரு..."

"தம்பி, நீங்க சொல்லுங்க." அவள் கேட்டது காதை.

காது ஹெட்போனைக் கழற்றினான். "ஓடலைக்கா. சொந்தக்காரங்க ரொம்பக் கேட்டா சும்மா எடுக்கற மாதிரி எடுப்போம். சினிமால எல்லாரும் பண்றதுதான்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா," என்று மேனேஜர் முணுமுணுத்தார்.

அவள் போய் அண்ணன் பக்கத்தில் நின்றாள். முடிச்சில் கை வைத்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்." டைரக்டர் முன்னால் வந்தார். குரலில் நடிப்பில்லை. "மன்னிப்பு கேட்கலை. கேட்டாலும் நம்ப மாட்டீங்க. படம் ரெண்டரை மணி நேரம், அதுல ஒரு மனுஷனோட வாழ்க்கை மொத்தத்தையும் அடைக்க முடியாது. அண்ணனைக் காட்டினா பார்க்கறவன் அப்பாவை வெறுப்பான், வெறுத்தா படம் விழும்னு நினைச்சேன். உங்க மனசு நோகக் கூடாதுன்னு சும்மா எடுத்தேன். இப்பக் கேக்கறது உங்களுக்காக இல்ல. என் படத்துக்காக. இது எனக்கு வேணும்."

"எடுத்துட்டு வெட்டிடுவீங்க."

"வெட்ட மாட்டேன். எங்க அம்மா மேல சத்தியம். இதுல ஒரு ஃப்ரேம் கூட வெட்ட மாட்டேன்."

அவளுக்கு வெளியே போ என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது. அதே சமயம் இன்னொன்றும் தெரிந்தது. நாளைக்கு இவர்கள் போய்விடுவார்கள். அப்புறம் அண்ணனைக் கேட்டு வேறொருவன் இந்த வாசலை மிதிக்கப் போவதில்லை.

"சரி," என்றாள்.

முரண்டு பிடித்தது ஹீரோதான். "சார், இன்னொரு தடவை என்னால முடியாது. அவர் என் கையைப் பிடிச்சு இறுக்கறார் சார். ராத்திரி தூக்கம் வராது." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டைரக்டர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "முகம் தெரிய வேண்டாம். கட்டுற கை மட்டும் போதும்." அவர் பார்வை அவளுடைய கையில் நின்றது. ஒடிசலான நீள விரல்கள். அப்பாவின் கை. எல்லோரும் சொல்வது.

அப்பாவின் சட்டையை, அதைப் பார்த்துத் தைத்த சட்டையை, அவள் தன் ஆடைமேல் போட்டுக்கொண்டாள். மேக்கப்காரர் விரல் நகங்களில் கரியைத் தடவினார். "சிரிக்காதீங்கக்கா, கை ஆடுது," என்றார். அவள் சிரிக்கவில்லை.

இந்த முறை கிளாப் அடித்தார்கள். அண்ணன் மிரளவில்லை.

அசிஸ்டென்ட் ஒருவன் கேன்வாஸில் கரியை இழுத்தான். அண்ணன் துண்டை நீட்டினான். அவள் வாங்கினாள், கட்டினாள். அண்ணனின் கைகள் பின்னால் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தன. ஒரு கணம் தடவிப் பார்த்தன. யாருடையது என்று தெரிந்துவிட்டதோ என்று பயந்தாள். பிறகு முன்போலவே இழுத்தன. அவள் இறுக்கினாள். வாழ்நாளில் ஒருதரம்கூட அவள் செய்யாத காரியம்.

"பிரமாதம்," என்றார் டைரக்டர். "அப்படியே வச்சுக்கங்க. பின்னாடிலேர்ந்து ஒண்ணு, சைடுலேர்ந்து ஒண்ணு. விளக்கு மாத்தணும். அதுக்குள்ள சாப்பாடு போட்டுடலாம்."

"அப்ப அவிழ்த்துடவா?"

"ஐயோ, முடிச்சு மாறிடும்க்கா," என்றான் கன்டினியூட்டி பார்க்கும் பையன், கையிலிருந்த போட்டோவைக் காட்டி. "முதல் ஷாட்ல இருந்த மாதிரியே எல்லா ஷாட்லயும் இருக்கணும். மாறினா ஜம்ப் தெரியும். அவர் சும்மாதானேக்கா உக்காந்திருக்கார்? கொஞ்ச நேரம்தான்."

யூனிட் சாப்பிடப் போனது. வாசலில் தட்டுச் சத்தம், பேச்சு, யாரோ பாடினார்கள். ஜெனரேட்டர் நின்றதும் அறை இருண்டது. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மேனேஜர் அவளுக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடுங்கக்கா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

"அப்பாவும் இப்படித்தான் சாப்பிடப் போவார்," என்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணும். அண்ணனுக்கு."

டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பாட்டினாள். அவன் குடித்தான். கண் சுவரை விட்டு அகலவில்லை.

விளக்கு மாற்ற அவர்கள் சொன்னதைவிட அதிக நேரம் ஆனது. பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, காலருகே வைத்து ஒன்று. எல்லாம் முடிந்து "பேக் அப்" என்று கத்தினார்கள். கைதட்டினார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவள் முடிச்சை அவிழ்த்து, தோளில் தட்டி "ஆச்சுண்ணா" என்றாள். ஒருமுறை சொன்னது போதவில்லை. அப்பாவின் குரல் மாதிரி கொஞ்சம் கட்டையாக்கிச் சொன்ன பிறகுதான் எழுந்தான்.

இடுப்பில் சிவப்பாக ஒரு தடம். அன்று மாலை எண்ணெய் தடவிவிட்டாள். தடம் போய்விட்டது. நாற்காலியைச் சுவருக்கு இழுக்கிறது மட்டும் போகவில்லை. யூனிட் போனபிறகும் தினம் காலையில் துண்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சில நாள் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நீட்டிய கை அப்படியே இருக்கும். தாமதமாகிறதே என்று சில நாள் கட்டினாள். திரும்பி வந்து அவிழ்த்தாள்.

படத்துல வரப்போறான்ல, அதுக்குத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தைப் பல் ஆஸ்பத்திரியிலும் நாலு பேரிடம் சொல்லி வைத்தாள். "எங்க அண்ணன் சினிமால வரான்." டாக்டர்கூட, "உனக்கு அண்ணன் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு வாழ்த்தினார்.

பிரிவியூ ஒரு பகல் காட்சி. அண்ணனைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒரு பெரியம்மா, ஓவியங்கள் சேகரிப்பவராம்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். ஹீரோ கடற்கரையில் நின்றார், சின்ன வயசு ஓவியராக வந்த பையன் அலையைப் பார்த்து முதுகைக் காட்டி நின்றான். அம்மா சிரித்துக்கொண்டே டீ கொண்டுவந்தாள். கவுன் போட்ட ஒரே மகள் அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு தியேட்டரையே கொஞ்ச வைத்தாள். அவள் காத்திருந்தாள். இடைவேளை வந்தது, போனது. பரிசு, பாராட்டு, தனிமை. அண்ணன் வரவில்லை. வெட்டிவிட்டான் படுபாவி என்று நினைத்த நேரத்தில் திரை இருண்டது.

சரக். சரக்.

வரையும் அறை. சுவரோரம் நாற்காலி. வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. நரைத்த பின்னந்தலை, ஈரச் சீப்பின் கோடுகூடத் தெரிந்தது. இடுப்பில் நீலத் துண்டு. அண்ணனேதான். அவள் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

நீள விரல்கள் துண்டை இறுக்கின. ஹீரோவின் குரல், வயதான தழதழப்போடு, பின்னணியில் ஒலித்தது. "கடைசி நாட்களில் நான் என்னையே என் கலைக்குக் கட்டிப்போட்டேன். அசையாமல் இருந்தால் அது வரும் என்று காத்திருந்தேன்." கேமரா மெதுவாக அந்த முதுகை நெருங்கியது. அதன்மேல் எழுத்துக்கள் விழுந்தன. ஓவியரின் பெயர். பிறந்த வருடம், மறைந்த வருடம்.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

டைரக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "பார்த்தீங்களாக்கா? சொன்ன சொல் காப்பாத்திட்டேன். ஒரு ஃப்ரேம் கூட வெட்டலை." பதிலுக்கு நிற்க நேரமில்லை, யாரோ தோளில் கை போட்டு இழுத்துப்போனார்கள்.

பட்டுப்புடவைப் பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "நீதானேம்மா பொண்ணு? கடைசியில அந்த முதுகைப் பார்த்ததும் என்னால தாங்க முடியலை. எப்பேர்ப்பட்ட மனுஷன். தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கிட்டு..."

"அது அப்பா இல்லீங்க," என்றாள் அவள். "எங்க அண்ணன்."

பெரியம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "புரியுதும்மா. அப்பாவா, அண்ணனா, எல்லாமா இருந்திருப்பார் உனக்கு. ஒரே பொண்ணாச்சே."

அவள் கையை உருவிக்கொண்டாள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து போன் வந்திருந்தது. திருப்பிக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க அண்ணன் துண்டை நீட்டிக்கிட்டே இருக்கார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. வாங்கிக்கவா?"

"வேண்டாம்," என்றாள். "வந்துக்கிட்டே இருக்கேன்." பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தபடி நின்றாள்.